முதலில் முகூர்த்தத்தை நிறுத்துங்கள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 461 மார்க் வாங்கியவள். அவள் தலையணைக்கு அடியில் கிடந்த என் பழைய போனை எடுத்துப் பார்த்தபோதுதான், அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் 17 வயதுப் பையனோடு ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. பேச்சைத் தாண்டி எதுவும் இல்லை என்று சத்தியம் செய்கிறாள். அந்தப் பையன் எங்கள் ஆட்கள் இல்லை, காலனிப் பையன். அவள் அப்பா அடித்துவிட்டார், நானும் அடித்தேன். பள்ளியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. பூசாரியிடம் மந்திரித்துத் தாயத்தும் கட்டினோம். யாரோடும் பேசுவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை. சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன், பாதி அப்படியே கிடக்கிறது. ‘நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்கு நிம்மதிதானே’ என்று சொல்லி நடிக்கிறாள். என் தம்பிக்கு 27 வயது, இன்னும் பெண் அமையவில்லை. அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்று ஆவணியில் முகூர்த்தம் பார்த்துவிட்டோம். அந்தப் பையன் மேல் போக்சோவில் புகார் கொடுத்தால் தொல்லை விடும் என்கிறார் என் கணவர். கொடுக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கொடுக்கக் கூடாது. கல்யாணமும் கூடாது. ஆனால் இந்த இரண்டையும்விட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதை ‘நடிக்கிறாள்’ என்ற ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள், சகோதரி.

‘நான் இல்லாமப் போயிட்டா’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். இது வைராக்கியம் இல்லை, திமிரும் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்றால் மூன்று வாரம் அறைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்களா?

இன்றே அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?’ கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று உள்ளே தவிக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி மூச்சு விட இடம் கொடுக்கும். பதில் ‘ஆமாம்’ என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ‘பைத்தியம் என்று ஊர் பேசுமே’ என்ற பயம் வரும். ஊர் பேசிவிட்டுப் போகட்டும்.

தோட்டத்துக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இப்போதே எழுந்துபோய் அதைப் பூட்டுங்கள், சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பினர், பூச்சிமருந்துகளை வீடுகளில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பெட்டிகளில் பூட்டிவைக்கும் முறையைச் செய்துபார்த்தார்கள். தற்கொலைகள் குறைந்தன. செத்துவிடலாம் என்ற வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குத்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

இனி முகூர்த்தத்துக்கு வருகிறேன். தாய்மாமனுக்குக் கொடுப்பது நம் பக்கத்தில் காலம் காலமாக நடப்பதுதான், தப்பென்று உங்களுக்குத் தோன்றியிருக்காது. ஆனால் 18 நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கட்டிக்கொள்ளும் உங்கள் தம்பிக்கும், கட்டிவைக்கும் உங்கள் கணவருக்கும், மந்திரம் சொல்பவருக்கும் இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் கிடைக்கலாம், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. அதோடு முடியாது. 18 வயதுக்கு உட்பட்டவள் மனைவியாகவே இருந்தாலும் அவளோடு உறவு கொள்வது பாலியல் வன்கொடுமைதான் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தப் போக்சோவை அந்தப் பையன்மேல் போடச் சொல்கிறீர்களோ அதே சட்டம் உங்கள் தம்பிமேல் பாயும். ரத்த உறவினர் செய்தால் அந்தச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. தம்பிக்குப் பெண் அமையவில்லை என்ற கவலை உங்களுடையது. அதற்கு விலை கொடுக்க வேண்டியவள் உங்கள் மகள் இல்லை.

புகார் விஷயம். 2012இல் வந்த போக்சோ, குழந்தைகளைச் சீரழிப்பவர்களைத் தண்டிக்க வந்த சட்டம், மிகவும் தேவையான சட்டம். அதில் 18க்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், அவர்களின் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது. அதனால்தான் பிடிக்காத காதலைப் பிரிக்க அதை எடுத்துக்கொள்ளும் பழக்கமும் வளர்ந்துவிட்டது. விடலைப் பருவத்துப் பையனைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமே இல்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து செய்து எழுதினார். காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைமையே சுற்றறிக்கை அனுப்பியது.

உங்கள் மகள் சொல்வது உண்மையானால் நடந்தது பேச்சு மட்டும். இல்லாததைச் சேர்த்துப் புகார் கொடுத்தால் அந்தச் சட்டத்தின் 22ஆவது பிரிவு புகார் கொடுத்தவரையே தண்டிக்கும். புகார் கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? மகளிர் காவல் நிலையத்தில் விசாரணை, மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம், பிறகு நீதிமன்றப் படி ஏறல். இத்தனையும் உங்கள் மகளுக்கு. அந்தப் பையனுக்கு இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பாழ். அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நாலு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அந்தப் பையன் எந்தத் தெரு என்பது ஐந்து இடத்தில் வருகிறது. அவன் நல்லவனா, எப்படிப் படிக்கிறான், உங்கள் மகளிடம் மரியாதையாகப் பேசினானா என்பது ஓரிடத்தில்கூட இல்லை. போனில் இருந்ததையெல்லாம் படித்தவர் நீங்கள். அவன் உங்கள் தெருப் பையனாக இருந்திருந்தால் ‘படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று ஒரு திட்டோடு விட்டிருப்பீர்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நம் வீட்டு அடுப்படிகளிலிருந்து அதை நாம்தான் நீக்க வேண்டும். நீங்கள் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக நினைப்பது மகளின் பாதுகாப்பையா, ஜாதிக் கோபத்தையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

போக்சோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் படம் கேட்டு மிரட்டியிருந்தால், அனுப்பிய படத்தை வைத்துப் பயமுறுத்தினால், ‘வராவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன்’ என்று அவளைக் கட்டிப்போட்டிருந்தால், தொட்டிருந்தால், அல்லது அவன் பள்ளிப் பையனே இல்லாமல் வயதில் மூத்த ஆளாக இருந்தால், என் பதில் தலைகீழாக இருந்திருக்கும். அப்போது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படி ஏதாவது இருந்தால் உங்கள் மகளுக்கு மட்டும்தான் தெரியும். அடி வாங்கிய பிள்ளை அதைச் சொல்லாது. நீங்கள் ஓங்கிய கை, ஒருவேளை இருக்கக்கூடிய உண்மையான ஆபத்தையும் சேர்த்தே மூடிவிட்டது.

பதினாறு வயதில் ஒருவரைப் பிடிப்பது நோய் இல்லை. அந்த வயதில் மூளையில் உணர்ச்சியை ஓட்டும் பகுதிகள் முழு வேகத்தில் இயங்குகின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்து நிறுத்தும் நெற்றிப் பகுதி முதிர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. அதனால் சந்தோஷமும் மலையளவு, பிரிவும் மலையளவு. ‘இதெல்லாம் ஒரு காதலா’ என்று நமக்குத் தோன்றலாம். அவளுக்கு அந்த வலி முழு வலிதான். அந்தப் பையன் அவளைப் பற்றி ‘நீ நல்லா கவிதை எழுதுற’ என்று சொன்னதாகக் கடிதத்தில் ஏளனமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் கவிதை எழுதுவது உங்களுக்கு முன்பே தெரியுமா? அவள் அங்கே எதைத் தேடிப் போனாள் என்பதற்கு எனக்குத் தெரிந்து அந்த ஒரு வரியில் பாதிப் பதில் இருக்கிறது.

நீங்கள் செய்ததெல்லாம் புதிதும் இல்லை. மகள் வாடினால் முருக பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு என்ற சாமியாட்டம் எடுத்த தாயரை நம் சங்க அகப்பாடல்கள் பாடியிருக்கின்றன, உங்கள் தாயத்தைப் போலவே. வீட்டுக்குள் அடைப்பதற்கு ‘இற்செறிப்பு’ என்று பெயரே வைத்தார்கள். அதே பாடல்களில் அடைபட்ட பெண் இரவோடு இரவாகக் காதலனோடு உடன்போக்குப் போகிறாள். பிறகு பெற்றவளான நற்றாய் வெறும் வீட்டில் உட்கார்ந்து புலம்புகிறாள். அடைத்தால் என்ன ஆகும் என்பது இரண்டாயிரம் ஆண்டாக நமக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போகட்டும். அதே பள்ளிக்குத்தான். அவனைப் பார்ப்பாளே என்றால், பார்ப்பாள். வகுப்பாசிரியையிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லுங்கள், ஊரெல்லாம் கதை பரப்பாதீர்கள். போனுக்கு நேரம் குறியுங்கள், இரவில் கூடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதில் கண்டிப்பாக இருக்கலாம், அது தாயின் உரிமை. ‘பதினெட்டு முடியும்வரை தனியாகச் சந்திப்பது வேண்டாம், படிப்பு முடியட்டும், அதன்பின் உன் மனசு எப்படி இருக்கிறதோ அப்போது பேசலாம்’ என்று சொல்லுங்கள். ஆனால் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். மனதுக்குள் ஆவணியை வைத்துக்கொண்டு வாயால் இதைச் சொன்னால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் முதலில் தம்பிக்குப் போன் செய்து இல்லை என்று சொல்லிவிடுங்கள், அவள் காதில் விழும்படியே பேசுங்கள். உங்கள் கணவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டட்டும்.

இன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைக்காதீர்கள். உள்ளே எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பையன் பேச்சை எடுக்க வேண்டாம். ‘அடிச்சது தப்பும்மா’ என்று சொல்லுங்கள். பதில் வராது, முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்வாள். தட்டு காலியாகும்வரை எழுந்து வராதீர்கள்.