தனியா கப்பல்ல போற டீச்சருக்கு டிப்ஸ் கணக்கு

கேள்வி: சார் வணக்கம், நான் திருச்சி, ரிட்டயர்டு டீச்சர், வயசு 61, பென்ஷன் கைக்கு 38 ஆயிரம் வருது. பொண்ணு ஹூஸ்டன்ல இருக்கா, அங்க மூணு மாசம் இருக்கப் போறேன், அப்போ கால்வெஸ்டன்ல இருந்து ராயல் கரீபியன் கப்பல்ல 7 ராத்திரி போயிட்டு வரணும்னு ஆசை. பொண்ணுக்கு லீவு கிடைக்கல, அதனால தனியாத்தான் போறேன். ஒரு ஆளுக்கே ரெண்டு ஆள் டிக்கெட் காசு வாங்கிட்டாங்க, அதுக்கு மேல டெய்லி டிப்ஸ்னு வேற பிடிப்பாங்களாம். மாப்பிள்ளையோட ஃபிரண்டு "கவுன்டர்ல போய் எடுத்துடச் சொல்லுங்க ஆன்ட்டி, நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க"ன்னு சொல்றார். எடுக்கச் சொல்றது சரியா? ரூம்ல நான் ஒருத்திதானேன்னு ரூம் பையனுக்கு கூட குடுக்கணுமா? கையில எவ்ளோ டாலர் வெச்சுக்கணும்? டிப்ஸ் விஷயத்துல அசிங்கப்பட்டுடுவேனோன்னுதான் பயமா இருக்கு.

பதில்: வணக்கம் டீச்சர். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதுல அசிங்கப்பட எதுவுமே இல்ல, கப்பல்ல ஏறுற முக்கால்வாசி பேருக்கு இது தெரியாது, நீங்க ஏறுறதுக்கு முன்னாடியே கேக்குறீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். நானும் மொத தடவை கப்பல்ல போனப்ப தெரியாம ரெண்டு தடவை டிப்ஸ் குடுத்திருக்கேன், அது எப்படின்னு கீழ சொல்றேன்.

அந்த டெய்லி டிப்ஸுக்கு கப்பல்ல கிராஜுவிட்டின்னு பேரு. நம்ம ஊர்ல கிராஜுவிட்டின்னா ரிட்டயர் ஆகும்போது வர்ற பணம், நீங்களே வாங்கியிருப்பீங்க, பில்லுல பாத்து குழம்பிடாதீங்க, இது வேற. ராயல் கரீபியன்ல சாதாரண ரூமுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட்னு சொல்ற பெரிய ரூம் எடுத்தா 21 டாலர். 2022-ல இதே 16 டாலர்தான், 2023-ல 18 ஆச்சு, அப்புறம் 18.50. நார்வீஜியன்னு இன்னொரு கம்பெனி கப்பல்ல 20 டாலர். ஆக 7 ராத்திரிக்கு உங்களுக்கு 129.50 டாலர், டாலர் 90 ரூபான்னு வெச்சுக்கிட்டா 11,655 ரூபா. உங்க பென்ஷன்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, சின்ன காசு இல்ல, அதனாலதான் டிக்கெட் ரேட் பாக்குறப்பவே இதையும் சேத்து பாக்கணும். டிக்கெட் இவ்ளோ, போர்ட் டாக்ஸ் இவ்ளோ, கிராஜுவிட்டி இவ்ளோ, மூணும் சேந்ததுதான் கப்பல் விலைன்னு மனசுல வெச்சுக்கிட்டா அங்க போய் தினமும் 18.50 ஏறுறத பாக்குறப்ப வயிறு எரியாது.

இப்போ தனியா போறவங்க விஷயம். ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள் காசு வாங்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க, ரூம் விலையே ரெண்டு பேர் தங்குவாங்கன்ற கணக்குல போடுறது, அதனால ஒத்த ஆள் போனா பல நேரம் ரெண்டாவது ஆளோட டிக்கெட் காசும் நம்ம தலையில விழுது. ஆனா கிராஜுவிட்டி தலைக்குத்தான், ரூமுக்கு இல்ல. அதே மாதிரி போர்ட் டாக்ஸும் ஒரு ஆளுக்குத்தான் வரணும். உங்க புக்கிங் இன்வாய்ஸை இன்னைக்கே எடுத்து பாருங்க டீச்சர், கிராஜுவிட்டி ப்ரீபெய்டுன்னு ஒரு லைன் இருந்து அதுல 129.50-க்கு பதிலா 259 இருந்தா ஏஜெண்ட் ரெண்டு ஆளுக்கு போட்டுட்டார்னு அர்த்தம், உடனே மெயில் போட்டு திருத்தச் சொல்லுங்க. போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் ஆகியிருந்தது, ஒரு மெயில்ல திருப்பி வாங்கிட்டாங்க.

கவுன்டர்ல போய் எடுத்துடச் சொல்றது பத்தி. விதிப்படி முடியும். கெஸ்ட் சர்வீசஸ் டெஸ்க்ல, இறங்குற நாள் காலைக்கு முன்னாடி போய் கேட்டா குறைப்பாங்க, எடுத்தும் விடுவாங்க. ஆனா அந்த ஏற்பாடு எதுக்குன்னா சர்வீஸ் மோசமா இருந்து, சொல்லியும் சரி பண்ணலன்னா அதுக்கு. காசு மிச்சம் பிடிக்கிறதுக்கு அத செய்யாதீங்கன்னு உங்ககிட்ட உரிமையோடவே சொல்றேன், ஏன்னா அந்த காசு எங்க போகுதுன்னு எனக்கு பக்கத்துல இருந்து தெரியும். என்கிட்ட எஸ்ஐபி போடுற ஒரு தம்பி, தென்மாவட்டத்துப் பையன், கேட்டரிங் படிச்சுட்டு ஒரு கப்பல்ல ரூம் பாக்குற வேலை, வருஷத்துல ஏழெட்டு மாசம் கடல்லயே, வாரத்துக்கு ஒரு நாள்கூட முழு லீவு கிடையாது. அவன் வீட்டுக்கு அனுப்புற பணத்துல பெரும்பங்கு இந்த கிராஜுவிட்டில இருந்து வர்றதுதான், அதுலதான் தங்கச்சி படிப்பும் வீட்டு லோனும் ஓடுது. நீங்க போற மாதிரி கப்பல் எல்லாம் ஏறுறது அமெரிக்காவுல, ஆனா பதிவு பண்றது பஹாமாஸ் மாதிரி வேற நாட்டுக் கொடியில, அதனால அமெரிக்க மினிமம் கூலிச் சட்டம் அவங்களுக்கு கிடையாது. ஐஎல்ஓன்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2025-க்கு வெச்ச அடிப்படை சம்பளமே மாசம் 673 டாலர்தான், அதுவும் தேர்ந்த மாலுமிக்கு, ரூம் சுத்தம் பண்றவங்களுக்கும் பரிமாறுறவங்களுக்கும் அந்த பாதுகாப்பும் நேரா வராது. இந்த 18.50 ரூம் பாக்குறவர், சாப்பாடு பரிமாறுறவர், கிச்சன்ல இருக்குறவங்க, நம்ம கண்ணுல படாம துணி துவைக்கிறவங்கன்னு பிரிஞ்சு போகுது. ஆயிரக்கணக்குல டாலர் கப்பலுக்கு கட்டிட்டு மிச்சம் பிடிக்கிற எடம் அவங்க பங்கா இருக்க வேண்டாமே. செலவு கையை கடிச்சா கரைச் சுற்றுலா ஒண்ணை குறைங்க, கப்பல்ல எடுக்குற போட்டோவ வாங்காதீங்க, வைஃபை பேக்கேஜ் வேண்டாம்னு விடுங்க, இந்த மூணுலயே இத விட அதிகமா மிச்சமாகும்.

அதுக்காக வெக்கப்பட்டுக்கிட்டு அள்ளியும் குடுக்காதீங்க. நான் ரெண்டு தடவை குடுத்தேன்னு சொன்னேன்ல, அது எப்படின்னா, ஒரு ஜூஸோ காபியோ தனியா காசுக்கு வாங்குனா பில்லுல 18 சதவீதம் டிப்ஸ் ஏற்கனவே போட்டிருப்பாங்க, அதுக்கு கீழ இன்னொரு கோடு காலியா விட்டிருப்பாங்க, கூடுதலா ஏதாச்சும் குடுக்குறதா இருந்தா எழுதுங்கன்னு. நான் அதுதான் டிப்ஸ் எழுதுற எடம்னு நெனச்சு ஒவ்வொரு பில்லுலயும் ரெண்டு டாலர் எழுதி கையெழுத்து போட்டேன், அஞ்சு நாளும். கடைசில மொத்த பில்லை உக்காந்து படிச்சப்பதான் தெரிஞ்சது. நீங்க அந்த எடத்துல ஒரு கோடு கிழிச்சுட்டு கையெழுத்து மட்டும் போடுங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. ஸ்பாவுல மசாஜ், காசு குடுத்து சாப்பிடுற தனி ரெஸ்டாரண்ட், டிரிங்க்ஸ் பேக்கேஜ் இது எல்லாத்துலயும் டிப்ஸ் உள்ளயே ஏறிடும். கேப்டன், ஆஃபீசர், டாக்டர், நர்ஸ் இவங்களுக்கெல்லாம் டிப்ஸ் குடுக்குற வழக்கமே இல்ல.

ரூம்ல நான் ஒருத்திதானேன்னு கேட்டீங்கல்ல, ரெண்டு பேர் இருக்குற ரூமுக்கு ரெண்டு பங்கு வருது, எனக்கு ஒரு பங்குதான் வருதேன்னு உங்களுக்கு உறுத்துது, டீச்சர் மனசு. ஆனா ஒரு படுக்கை, ஒரு ஆள் டவல், ஒரு ஆள் குப்பை, வேலையும் கொறவுதானே, அதனால ரெட்டிப்பு குடுக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. நல்லா பாத்துக்கிட்டார்னா 7 நாளைக்கு சேத்து 20 டாலர் கையில குடுங்க, அது தாராளம். தனியா இருக்குற பொம்பளைங்களுக்கு என் அனுபவத்துல நான் சொல்றது, அந்த 20-ல 5 டாலரை மொத நாளே குடுத்து பேர் சொல்லி பேசிடுங்க, எந்த நேரத்துக்கு ரூம் சுத்தம் பண்ண வரலாம், எந்த நேரத்துக்கு வேண்டாம்னு நீங்களே சொல்லிடலாம், அவருக்கும் வசதி உங்களுக்கும் நிம்மதி.

நீங்க சைவமான்னு எழுதல, சைவம்னா இது முக்கியம். மெயின் டைனிங் ரூம்ல மொத ராத்திரியே ஹெட் வெயிட்டரை கூப்பிட்டு இந்தியன் வெஜ் வேணும்னு சொன்னா அடுத்த நாள்ல இருந்து பருப்பு, சப்பாத்தி, ஒரு கறின்னு மெனுவுல இல்லாதத தனியா பண்ணி குடுக்குறது பல கப்பல்ல நடக்குது, கிச்சன்ல நம்ம நாட்டுக்காரங்க நிறைய பேர் இருக்காங்க. அப்படி உங்களுக்காக மெனக்கெட்டா அந்த ஹெட் வெயிட்டருக்கு 10, தினமும் பரிமாறுறவருக்கு 10, கடைசி ராத்திரி குடுத்துடுங்க. தினமும் பஃபேல சாப்பிடப் போறீங்கன்னா இது தேவையே இல்ல.

கையில காசா வேணும்ங்கிறது கப்பலுக்கு வெளியதான் அதிகம். கால்வெஸ்டன் துறைமுகத்துல பெட்டி தூக்குறவங்க கப்பல் ஆளுங்க இல்ல, அந்த 18.50-ல அவங்களுக்கு பங்கு போகாது, பெட்டிக்கு 2 டாலர், ரெண்டு பெட்டின்னா ஏறும்போது 4, இறங்கும்போது ஆள் வெச்சா இன்னொரு 4. உங்க ரூட் ரோவாட்டான், கோஸ்டா மாயா, கோசுமெல் மாதிரி இருக்கும், எங்க டூர் போனாலும் கைடுக்கு 5, டிரைவர் தனியா இருந்தா அவருக்கு 2. அங்கெல்லாம் டாலரே வாங்கிப்பாங்க, ஆனா 20 டாலர் நோட்டை நீட்டுனா சில்லறை வராது, அதனால ஹூஸ்டன்லயே பொண்ணை பேங்க்குக்கு அனுப்பி 1 டாலர் நோட்டு 30, 5 டாலர் நோட்டு 10 வாங்கி வெச்சுடுங்க. மொத்தம் 80 டாலர் ரொக்கம் போதும், கணக்கு பாத்தா 70-க்குள்ளயே முடியும். ஹேண்ட்பேக்ல ரெண்டு எடமா பிரிச்சு வெச்சுக்கோங்க, மிச்சத்த ரூம் லாக்கர்ல.

அப்போ கிராஜுவிட்டி 129.50, ரொக்கம் 80, மொத்தம் கிட்டத்தட்ட 210 டாலர், ரூபால 18,900. இதுக்காக எஃப்டி எதையும் உடைக்காதீங்க, கிளம்ப ஆறு மாசம் இருக்குன்னா மாசம் 3,150 தனியா ஒரு ஆர்டில போட்டுட்டு வந்தா முடிஞ்சது.

எப்படி கட்டறதுன்னா, கிராஜுவிட்டிய முன்னாடியே வெப்சைட்ல கட்டிடலாம், கட்டலன்னா தினமும் கப்பல் அக்கவுண்ட்ல, அதாவது கப்பல்ல உங்க பேர்ல ஓடுற கணக்குல ஏறும், மொத்தம் ஒண்ணுதான். முன்னாடி கட்டுனா நடுவுல ரேட் ஏத்துனாலும் பொதுவா உங்களுக்கு பழைய ரேட்தான், கப்பல்ல பில் பாத்து மலைக்கவும் வேண்டாம். பொண்ணோட அமெரிக்க கார்டுல கட்டச் சொல்லுங்க, ஏன்னா உங்க இந்திய கிரெடிட் கார்டுல பல பேங்க்ல 3.5 சதவீதம் ஃபாரெக்ஸ் மார்க்அப்னு வெளிநாட்டுக் காசுல செலவு பண்றதுக்கு ஒரு கட்டணம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம் சும்மா போகும், 129.50-க்கு அஞ்சு டாலருக்கு மேல, ரெண்டு பெட்டி தூக்குற காசு. ஒரே ஒரு விதிவிலக்கு, ஏஜெண்ட் உங்களுக்கு ஆன்போர்டு கிரெடிட்னு, கப்பல்லயே செலவு பண்ற மாதிரி, 50 டாலரோ 100 டாலரோ குடுத்திருந்தா முன்னாடி கட்டாதீங்க, தினமும் ஏற விடுங்க, அந்த கிரெடிட்லயே கிராஜுவிட்டி கழிஞ்சுடும், இல்லன்னா கடைசி நாள்ல அத தீக்கணுமேன்னு கடையில டீ ஷர்ட் வாங்கிட்டு நிப்பீங்க.

இன்னொரு எச்சரிக்கை, கப்பல் அக்கவுண்டுக்கு டெபிட் கார்டு குடுக்காதீங்க. அவங்க செலவுக்கு முன்னாடியே ஒரு தொகைய பிடிச்சு வெப்பாங்க, கிரெடிட் கார்டுன்னா லிமிட்லதான் குறையும், டெபிட் கார்டுன்னா உங்க பென்ஷன் பணமே மாட்டிக்கும், விடுறதுக்கு நாள் கணக்குல ஆகும். கிரெடிட் கார்டு இல்லன்னா கெஸ்ட் சர்வீசஸ்ல டாலரா டெபாசிட் கட்டிக்கலாம்.

கடைசி ராத்திரி ரூம் பையனுக்கு குடுக்கறத படுக்கை மேல வெச்சுட்டு வராதீங்க, கவர்ல போட்டு, ஒரு பேப்பர்ல ரெண்டு வரி அவர் பேர் போட்டு எழுதி, சாப்பிடப் போகும்போது காரிடார்ல பாத்து கையிலேயே குடுத்துடுங்க, ஏன்னா மறுநாள் காலைல ஏழு மணிக்கெல்லாம் அவர் அடுத்த ஆளுங்களுக்கு ரூம் ரெடி பண்ற ஓட்டத்துல இருப்பார், உங்க கண்ணுலயே பட மாட்டார்.