துடுப்புப் போடும்போது எது திரும்ப வேண்டும்?

கயாக் (உட்கார்ந்து இரு பக்கமும் துடுப்புப் போடும் சிறு படகு), டிராகன் படகு (பலர் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் துடுப்புப் போடும் நீண்ட படகு) ஓட்டும் பெங்களூருத் தமிழர்களின் கேள்விகளுக்கு ஒரு பிசியோவின் பதில்கள்.

சார், குனிந்தால் எனக்கு உள்ளங்கை தரையில் படும். ஆனால் கயாக்கில் அரை மணி நேரத்தில் அடிமுதுகு பிடித்துக்கொள்கிறது. ஏன்? (அல்சூர்)

குனிவது வேறு, திரும்புவது வேறு. துடுப்புக்கு வேண்டியது திரும்புவதுதான். அடிமுதுகின் 5 எலும்புகளும் குனிந்து நிமிர ஏற்றவை. எல்லாம் சேர்ந்தும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரிதான் திரும்பும். விலா எலும்புகள் சேரும் நடுமுதுகின் 12 எலும்புகள் ஏறக்குறைய 35 டிகிரி திரும்பும். அது இறுகிப்போனால் அடிமுதுகைத்தான் முறுக்குவீர்கள். கூன் போட்டு உட்கார்ந்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து திரும்புங்கள். வித்தியாசம் உடனே தெரியும். நாள் முழுக்க லேப்டாப், போக வர சில்க் போர்டு டிராஃபிக் என்றிருப்பவர்களுக்கு இந்தக் கூன் பழகியே போயிருக்கும்.

நடுமுதுகு இறுகியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

சதுர டைல் போட்ட தரை போதும். நாற்காலியை டைல் கோட்டுக்கு நேராகப் போட்டு நிமிர்ந்து உட்காருங்கள். முட்டிகளுக்கு நடுவே மடித்த துண்டு. மார்புக்குக் குறுக்கே மாப் குச்சி, அதைக் கைகளைப் பெருக்கல் குறியாக வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது குச்சி டைலின் மூலைவிட்டத்துக்கு இணையாக வந்தால் 45 டிகிரி, அது போதும். ஒரு முட்டி முன்னே நகர்ந்தால் திரும்பியது இடுப்பு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குறைவாக இருந்தால் என்ன செய்வது?

மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்து, ஒரு முன்கையைத் தரையில் ஊன்றுங்கள். மற்ற கை பிடரியில். மூச்சை விட்டபடி அந்த முழங்கையைக் கூரைப் பக்கம் திருப்புங்கள். பக்கத்துக்கு 8 முறை, 2 செட். பிட்டம் குதிகாலில் அழுந்தியிருக்கும்வரைதான் அடிமுதுகு அசையாமல் நிற்கும். பிட்டம் மேலே எழும்பினால் பயிற்சி வீண்.

கயாக்கில் கால் ஊன்றும் ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் அண்ணா?

முட்டி லேசாக மடங்கியிருக்கும் தூரத்தில். காலை முழுக்க நீட்டினால் இறுகிய தொடைப் பின்தசை இடுப்பைப் பின்னால் சாய்த்துவிடும், கூன் தானாக வரும். வலது பக்கம் துடுப்பு நீரில் இறங்கும்போது வலது காலால் அழுத்துங்கள். முட்டி நிமிர, வலது இடுப்பும் பின்னே போகும். இரண்டு காலையும் ஒரேயடியாக அழுத்தினால் இடுப்பு திரும்பாது, கை மட்டும் உழைக்கும்.

காலை ஐந்தரைக்கே இறங்குகிறோம். வார்ம் அப்பில் குனிந்து கால்விரல் தொடலாமா?

கூடாது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க், தூக்கத்தில் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்குப் பெரும் சுமை. நடை, தோள் சுழற்றல், நின்றபடி மெல்லத் திரும்புதல் போதும். கயாக்கை இருவராகத் தூக்குங்கள், முட்டியை மடக்கித் தூக்குங்கள். நீண்ட ஸ்ட்ரெச் எல்லாம் மாலையில்.

டிராகன் படகில் எப்போதும் இடது பக்கம்தான் துடுப்புப் போடுகிறேன். பரவாயில்லையா?

பயிற்சியிலாவது பக்கம் மாற்றுங்கள்.

வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்குகிறது. ஸ்ட்ரெச் தொடரலாமா?

நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.