விசேட கல்வி அலகா, விலக்கி வைக்கும் அறையா?

கேள்வி: பாடசாலையின் விசேட கல்வி அலகில் கற்பிக்கிறேன். மூன்று அடுக்கு ஆதரவு முறை பற்றி ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சி நடத்தும்படி அதிபர் கேட்டிருக்கிறார். "இவன் மூன்றாம் அடுக்கு" என்று சொல்லி இன்னும் பல பிள்ளைகளை என்னிடம் தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, வலிகாமம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பயம் நியாயமானதுதான். அடுக்கு என்பது உதவியின் அளவு, பிள்ளையின் தரம் அல்ல: எல்லோருக்குமான அன்றாடக் கற்பித்தல் முதலாம் அடுக்கு, சிலருக்கான மேலதிக உதவி இரண்டாம் அடுக்கு, மிகச் சிலருக்கான தீவிர உதவி மூன்றாம் அடுக்கு. வாசிப்புக்கு மூன்றாம் அடுக்கு உதவி தேவைப்படும் பிள்ளை, கணிதத்தில் எல்லோருடனும் இருந்தே படிக்கலாம். அமெரிக்காவில் இந்த முறைக்கு வலுச் சேர்த்த 2004ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னணியும் இதுதான்: பிள்ளை வெகுவாகப் பின்தங்கும் வரை காத்திருந்து குறைபாடு என்று பெயர் சூட்டுவதை விட்டு, முன்கூட்டியே உதவுவது. வகுப்பில் ஏறத்தாழ 80 வீதமானோருக்கு முதலாம் அடுக்கே போதும் என்பது அங்குள்ள பொதுக் கணக்கு. பாதி வகுப்பு தடுமாறினால் திருத்த வேண்டியது கற்பித்தலை.

விரிவுரை வேண்டாம். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பிள்ளையின் கொப்பியையும், ஒரு வாரக் குறிப்பையும் கொண்டுவரட்டும்: குழப்பத்துக்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு என்ன நடந்தது. தரம் 3இல் ஒரு பையன் உரத்து வாசிக்கும் நேரத்தில் புத்தகத்தைக் கிழிக்கிறான் என்று வையுங்கள். ஆசிரியர் வெளியே அனுப்புகிறார். அவனுக்கு வேண்டியதும் அதுதானே! வாசிப்பிலிருந்து தப்பிவிட்டான், நாளைக்கும் கிழிப்பான். வாசிக்க வேண்டிய பந்தியை முதல்நாளே கொடுத்து, ஒரு தோழனுடன் வாசிக்க விட்டு, "எனக்கு உதவி வேண்டும்" என்று கேட்கப் பழக்கினால் கிழிப்பதற்குத் தேவை குறையும். படிப்பும் நடத்தையும் இப்படிப் பின்னிக் கிடப்பதை இந்த ஒரு குறிப்பிலேயே அவர்கள் கண்டுகொள்வார்கள். "இரண்டு அடி போட்டால் சரி" என்று யாராவது கட்டாயம் சொல்வார். கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே அதைத் தடுத்துவிட்டது என்பது இருக்கட்டும், அடித்தால் வாசிப்பு வருமா என்று கேளுங்கள்.

இரண்டாம் அடுக்குக்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. காலையில் ஓர் ஆசிரியருடன் சில நிமிடம், பாடவேளைதோறும் பிள்ளையின் நடத்தையைக் குறிக்க ஒரு சிறு அட்டை, வீடு போகுமுன் மீண்டும் சந்திப்பு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். கேட்டல் கருவியோ பெரிய எழுத்துப் புத்தகமோ தேவைப்படும் பிள்ளையை "முதலாம் அடுக்கு முடியட்டும்" என்று காக்க வைக்கக் கூடாது.

தேநீர், வடை, சான்றிதழோடு முடியும் பயிற்சி திங்கட்கிழமை வகுப்பறைக்குள் வராது. ஆகவே, வாரத்தில் இரண்டு பாடவேளை சக ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து உதவ அனுமதி வேண்டுமென்று அதிபரிடம் இப்போதே கேளுங்கள். அந்நேரம் உங்கள் அலகைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் கேளுங்கள். வலயத்தின் விசேட கல்வி ஆசிரிய ஆலோசகரையும் சேர்த்துக்கொண்டால் அதிபர் மறுப்பது கடினம். அப்படியும் மறுத்தால், ஆர்வமுள்ள இரு ஆசிரியர்களுடன் மட்டும் தொடங்குங்கள்.