மகனைக் கேட்டும் மகளை மறுத்தும் ஒரே மனு எழுதலாமா?

கேள்வி: நான் ராமேஸ்வரம் தீவைச் சேர்ந்தவன். சொந்தமாக விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4 வயது. எட்டு மாதங்களுக்கு முன் என் மனைவி இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தொண்டியில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு வேறொருவருடன் தொடர்பு இருப்பதற்குக் கைபேசிப் பதிவுகள் என்னிடம் உள்ளன. எனக்கு விவாகரத்தும் என் மகனும் வேண்டும். மகள் எனக்குப் பிறந்தவள்தானா என்ற சந்தேகம் இருப்பதால் மரபணுச் சோதனை கேட்க விரும்புகிறேன். அந்த ஆள் மீதும் வழக்குப் போடவேண்டும். தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலர் என்பதால் மகனைப் பள்ளியிலிருந்து நேராக அழைத்து வந்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வழக்குக்கு முன் படகை அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மனைவியின் நடத்தையைப் பற்றியது. சட்டத்துக்குத் தேவையான வரி ஒன்றுதான் அதில் இருக்கிறது: இரண்டு பிள்ளைகளும் எட்டு மாதங்களாகத் தொண்டியில் தாயிடம் வளர்கிறார்கள், மகன் அங்கேயே பள்ளிக்குப் போகிறான். மாமனார் பேசிய சொற்களையும், சீர்வரிசைக் கணக்கையும், திருவிழாவில் நடந்த தகராறையும் எந்த நீதிபதியும் இரண்டாம் முறை படிக்கமாட்டார். அவற்றை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

உறவினர்கள் சொல்வது, 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவை அரைகுறையாகக் கேள்விப்பட்டதால் வந்த பேச்சு. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாவலர் என்ற தகுதி ஒருவருக்கு இருப்பதும், பிள்ளை எந்த வீட்டில் உண்டு உறங்கிப் பள்ளிக்குப் போகிறது என்பதும் நீதிமன்றத்தின் பார்வையில் வேறுவேறு கேள்விகள்.

இனி, என்னிடம் வரும் ஆண்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்கிறேன். விவாகரத்து கேட்டு நீங்கள் எழுதும் மனுவை, பிள்ளைகள் யாரிடம் இருக்கவேண்டும் என்று முடிவு செய்யப்போகும் அதே நீதிபதிதான் படிப்பார். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி பிள்ளைகளைப் பற்றிய உத்தரவுகள் அந்த வழக்கிலேயே பிறப்பிக்கப்படுகின்றன. மனைவியை வீழ்த்துவதற்காக நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பத்தியும், நீங்கள் எப்படிப்பட்ட தகப்பன் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கும். பிறர் தொடர்பு விவாகரத்துக்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. கணவன் மனைவிக்கு இடையே இரகசியமாகப் பதிவான உரையாடலையும் மணவழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. ஆனால் கணவனிடம் தவறாக நடந்துகொண்ட பெண் பிள்ளைகளுக்கு நல்ல தாயாக இருக்க முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீதிமன்றங்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகவே எடைபோடுகின்றன. பழி மெய்ப்பிக்கப்படாமல் போனாலோ நிலைமை தலைகீழாகும். மனைவியின் ஒழுக்கத்தின் மீது ஆதாரமில்லாமல் பழி சுமத்துவதே மனரீதியான கொடுமை என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் வைத்திருப்பார். அந்த ஆள் மீது வழக்குப் போடும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அதற்கு இடம் தந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் செல்லாததாக்கிவிட்டது.

மரபணுச் சோதனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கவலை பிறந்தது. திருமணம் நிலைத்திருந்த காலத்தில் பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதே என்று சட்டம் அனுமானிக்கிறது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் இருந்த அந்த விதி இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 116ஆம் பிரிவாக இருக்கிறது. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடி வாழ வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால்தான் அந்த அனுமானம் உடையும். கடலுக்குப் போய் மறுநாளே கரை திரும்பும் தொழிலில் இருந்துகொண்டு, ஒரே வீட்டில் குடும்பம் நடத்திய நீங்கள் அதை எப்படிக் காட்டுவீர்கள்? மனைவியின் தொடர்பை மெய்ப்பிப்பதற்குக் குழந்தையைக் கருவியாக்கக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மரபணுச் சோதனையை மறுத்தது. ஆகவே இந்தக் கோரிக்கை பெரும்பாலும் தள்ளுபடியாகும். தள்ளுபடியோடு முடிந்தால் பரவாயில்லை, முடியாது. மகன் வேண்டும், மகள் என்னுடையவளா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரே மனுவில் எழுதும் தகப்பனிடம் ஒன்பது வயதுப் பையனை ஒப்படைக்க நீதிபதியின் மனம் எளிதில் வராது. கூடப் பிறந்தவர்களைப் பிரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும். நீங்களோ பிரிப்பதற்கான காரணத்தை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். நீதிபதி உங்கள் மகனைத் தனியாக அழைத்துப் பேசும்போது, "அப்பா தங்கச்சியை வேண்டாம்னு சொல்றாங்க" என்று அவன் ஒரு வாக்கியம் சொன்னால், அதற்குக் குறுக்கு விசாரணை கிடையாது. மகளுக்கும் இந்தக் காகிதம் நிலைத்து நிற்கும். வழக்குக் கட்டு எரிக்கப்படுவதில்லை. பதினெட்டு வயதில் அவளே அதைப் படிக்கலாம்.

மகனைப் பள்ளி வாசலிலிருந்து அழைத்து வருவது இதற்கு அடுத்த பெரிய தவறு. அப்படிச் செய்தவர்களின் வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். தாய் தரப்பு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது பையனை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு, போடும். பெற்றோருக்கிடையேயான குழந்தை வழக்கிலும் அந்த மனு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. காவல் துறை உங்கள் வீட்டுக்கு வந்து பையனை அழைத்துப் போகும் காட்சியை அவனும் பார்ப்பான், தெருவும் பார்க்கும். அதன்பின் வாரம் ஒருமுறை பார்க்கக் கேட்டாலும், நீதிமன்ற வளாகத்தில் ஒரு மணி நேரம் என்றுதான் முதலில் கிடைக்கும். கொஞ்சம் பொறுத்திருந்தால் வீட்டுக்கே அழைத்துப் போய் வைத்திருக்கும் உரிமை கிடைத்திருக்கும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஜீவனாம்ச வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது படகோடு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு வாரக்கணக்கில் அங்கே சிறையில் இருந்தவர்கள் நம்மில் உண்டு. அவர் எங்கே இருக்கிறார் என்று வழக்கறிஞருக்குக்கூடத் தெரியாமல் இரண்டு வாய்தா கடந்து, ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கீழ் பிறப்பித்த ஜீவனாம்ச உத்தரவை மூன்று மாதங்களுக்குள் தகுந்த காரணம் காட்டி நீக்கக் கேட்கலாம். ஒருதலைப்பட்ச விவாகரத்துத் தீர்ப்புக்கு முப்பது நாள்தான். கரைக்கு வந்து சேர்வதற்குள் கெடு கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போடவேண்டும். அதற்குள் நிலுவைத் தொகை குவிந்து பிடியாணை வரை போகும். வழக்கு எண்ணும் அடுத்த வாய்தாத் தேதியும் உங்கள் அண்ணனிடம் எப்போதும் இருக்கவேண்டும். கைதுச் செய்தி வந்த அன்றே அவர் உங்கள் வழக்கறிஞரிடம் போகவேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சமரசம்தான். நீங்கள் விரும்பாத சொல் என்று தெரிகிறது. பிரிந்து வாழ்ந்து ஓராண்டு நிறைந்ததும் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ், பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பேச அது போதும். மனுப் போடுவது முதல் கட்டம், பின்னர் இருவரும் நீதிமன்றத்தில் சம்மதத்தை உறுதி செய்வது இரண்டாம் கட்டம். இரண்டாம் கட்டத்துக்கு முன் உள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்பது 2017 முதல் உள்ள நிலை. பிள்ளைகள் இப்போதைக்குத் தாயிடம் இருப்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக உங்களுக்கு உரிய நாட்களை அழுத்தமாகக் கேளுங்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வேறு தொழில்காரர்களுக்கு அது இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளியின் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே வருகிறது. விடுமுறையில் ஒரு மாதம் இரண்டு பிள்ளைகளும் என் வீட்டில் இருக்கட்டும், அப்போது நான் கரையில்தான் இருப்பேன் என்று கேட்கும் தகப்பனுக்கு மறுப்புச் சொல்வது கடினம். படகு ஓடும் மாதங்களில் பையனை முழுநேரமாகக் கேட்டால், நீங்கள் கடலில் இருக்கும் இரவுகளில் அவனை யார் பார்த்துக்கொள்வார் என்ற முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. இரண்டு பிள்ளைகளும் என்று நான் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். குழந்தைகளைப் பற்றிய உத்தரவு கல்லில் வெட்டியதும் அல்ல. மகன் வளர்ந்து, சூழ்நிலை மாறினால் மீண்டும் கேட்க வழி உண்டு.

பேச்சுவார்த்தையை நீதிமன்றச் சமரச மையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிரிவுப் பத்திரம் எங்கள் பக்கத்தில் ஏராளமாக வருகிறது. அதனால் திருமணம் முறிவதில்லை, அதை நம்பி மறுமணம் செய்தவர் இருதார வழக்கில் நிற்கிறார். பணத்திலும் ஒரு எச்சரிக்கை. இறுதித் தீர்ப்பு வரும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், முழுத் தொகையையும் முதல் கட்டத்திலேயே கொடுத்துவிடாமல் ஒரு பகுதியை இரண்டாம் கட்டத்தன்று நீதிமன்றத்தில் வைத்துக் கொடுப்பதாக நிபந்தனை எழுதுங்கள். பிள்ளைகளுக்கான மாதத் தொகையை இதோடு கலக்காதீர்கள். அது தாயின் தொகை அல்ல, பேரம் பேசினால் பின்னால் நிற்காது.

படகை அண்ணன் பெயருக்கு மாற்றவேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், ஜீவனாம்சம் பேசப்படும் ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பும் சொத்து, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யவேண்டும். மீன்வளத் துறையில் படகு எந்தத் தேதியில் பெயர் மாறியது என்ற பதிவு எதிர்த்தரப்புக்கு எளிதாகக் கிடைக்கும். பிரிந்துபோன பின் மாறிய பெயரைக் கண்டதும் உங்கள் வருமானத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நீதிபதி நம்பமாட்டார். ஏற்கனவே விண்ணப்பம் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்பப் பெறுங்கள்.