நேட்டோவில் 'பணம் கட்டாத' நாட்டைத் தாக்கினால் அமெரிக்கா வருமா?

பணம் கட்டாத நேட்டோ நாடுகளைக் காக்க மாட்டேன் என்று டிரம்ப் பேசியதிலிருந்து எழும் கேள்வி இது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நேட்டோ என்பது அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணி; சீட்டுக் கம்பெனி இல்லை. 2014இல் வேல்ஸ் மாநாட்டில் பேசிய 2 சதவீதம் என்பது யாருக்கும் கட்டும் சந்தா அல்ல. ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டு உற்பத்தியில் அவ்வளவைத் தன் சொந்த ராணுவத்துக்கே செலவழிக்க வேண்டும் என்ற இலக்கு. அதை எட்டாவிட்டால் பாதுகாப்பு கிடையாது என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

சரி, அமெரிக்கா வந்தே தீருமா? சிக்கல் இங்கேதான். 1949 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் 'தான் அவசியம் என்று கருதும்' நடவடிக்கையை எடுத்தால் போதும்; படை அனுப்புவது அதில் ஒரு வழி மட்டுமே. அந்த வாசகத்தை இப்படித் தளர்வாக வைக்கச் சொன்னதே அமெரிக்கத் தரப்புதான்!

இதுவரை அந்தப் பிரிவு ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவுக்காகவே பயன்பட்டது. நேட்டோவின் ரேடார் விமானங்கள் அமெரிக்க வானத்தில் மாதக்கணக்கில் காவல் பறந்தன.

ஆக, எழுத்தைவிட நம்பிக்கைதான் முக்கியம். டிரம்ப் பேச்சால் அது ஆட்டம் கண்டதும் ஒரு காரணமாக, 2025இல் ஹேக் மாநாட்டில் இலக்கு 2035க்குள் 5 சதவீதம் என்று ஏறியது. ஸ்பெயின் மட்டும் தன்னால் அவ்வளவு முடியாது என்றுவிட்டது.