கோடை இடிமழை எந்தப் பேட்டையில் கொட்டும் என்று முந்தின நாளே ஏன் சொல்வதில்லை?

சூரமங்கலத்தில் கொட்டித் தீர்க்கும், அம்மாப்பேட்டையில் ஒரு சொட்டு இருக்காது. ஏப்ரல், மே வந்தால் சேலத்தில் தவறாமல் கிளம்பும் கேள்வி இது.

தரை சூடானதும் ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, ஓரிரு மணி நேரத்தில் மலைபோல் வளரும் மேகம் கொட்டுவதே கோடை இடிமழை. சேர்வராயன் மலை இதற்கு ஏணி மாதிரி. சரிவில் மோதும் காற்றுக்கு மேலே போவதுதான் சுலபமான வழி. மதியத்துக்கு மேல் அஸ்தம்பட்டியில் நின்று ஏற்காட்டுப் பக்கம் பாருங்கள், காலிஃபிளவர் போல வெள்ளை மேகம் பொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் திடீரென்று மண்வாசனையோடு ஒரு குளிர்காற்று வீசும். பக்கத்தில் எங்கோ பெய்யும் மழை கீழே தள்ளிய காற்று அது. அதுவே போகிற வழியில் சூடான காற்றைத் தூக்கிவிட்டு அடுத்த மேகத்தையும் கிளப்பும்.

அடுப்பில் உலை வைத்தால் கொதிக்கும் என்பது தெரியும்; முதல் குமிழி எங்கே வரும் என்பது தெரியாது. வானிலைக் கணிப்பும் அப்படித்தான். வெப்பம், ஈரப்பதம், மேல்காற்று ஆகியவற்றைப் பார்த்து மாவட்டத்துக்கு முந்தின நாளே எச்சரிக்கலாம். இன்ன இடம் என்று குறுக்குவதற்கு, மேகம் ரேடாரில் தெரிந்த பிறகு கிடைக்கும் இரண்டு, மூன்று மணி நேரம்தான்.

வானிலை அறிவிப்பில் ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் லேசான மழை என்று பலர் நினைக்கிறார்கள். அது பரப்பைத்தான் சொல்கிறது, பலத்தை அல்ல, அந்த ஓரிரு இடத்தில் ஆலங்கட்டியே விழலாம்.