கார் பழுதாகிவிட்டது

வணக்கம் அண்ணே,

உங்கள் ஒற்றன் தொடர்கதையை விடாமல் படிக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சலவைக்கடை வைத்திருப்பவன் காசுக்காகப் பொய்த் தகவலாக எழுதி அனுப்ப, வாங்குகிறவனும் நம்பிப் பணம் கொடுக்கிறான். சிரித்தேன், ஆனால் நம்ப முடியவில்லை. இவ்வளவு துணிச்சலான மடையனை எந்த உளவுத்துறை நம்பும்? அப்புறம், அவன் எழுதிய பொய்யால் செத்தவன் வீட்டுக்கே போய் அவன் ஜோக் அடிப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

தம்பிக்கு,

நம்ப முடியவில்லை என்கிறீர்கள். நானோ நடந்ததைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். ஹுவான் புஜோல் என்று ஒரு ஸ்பெயின்காரர், கோழிப்பண்ணை நடத்திப் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் உளவு பார்க்கிறேன் என்று பிரிட்டிஷ்காரர்களிடம் போய் நின்றார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சரி என்று ஜெர்மானியரிடம் ஒற்றனாகச் சேர்ந்து, லண்டனில் இருப்பதாகச் சொல்லிவிட்டு லிஸ்பனில் உட்கார்ந்து, ஒரு சுற்றுலாக் கையேட்டைப் புரட்டிப் புரட்டி 1941இல் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்கு ஆட்கள் எதையும் செய்வார்களாம். விஸ்கி ஊரைப் பற்றி இப்படி எழுதினார், அதையும் நம்பினார்கள்! அடுத்த ஆண்டு பிரிட்டனே அவரைச் சேர்த்துக்கொண்டது. உலகத்திலேயே இல்லாத 27 துணை ஒற்றர்களை அவர் பெயரில் உருவாக்கினார்கள். அதில் ஒருவன் லிவர்பூல்காரன். அங்கே கூடிய கப்பல்களைப் பற்றி அவன் எழுதாவிட்டால் சந்தேகம் வரும் என்பதால் அவனைச் சாகடித்து, பேப்பரில் மரண அறிவிப்பும் போட்டார்கள். ஜெர்மானியர்கள் அந்த இல்லாத விதவைக்குப் பணம் கொடுத்தார்கள். 1944இல் இரண்டு பக்கமும் புஜோலுக்குப் பதக்கம் கொடுத்தன.

இதில் தாராளமாகச் சிரிக்கலாம், ஏனென்றால் செத்தவன் பிறக்கவே இல்லை.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. லாய் டெக், மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். முதலில் பிரிட்டிஷ்காரர்களுக்கு ஆள், ஜப்பான்காரர்கள் வந்த பிறகு அவர்களுக்கும் ஆள். 1942 செப்டம்பர் 1 விடியற்காலை, பத்துமலைக்குப் பக்கத்தில் கூடியிருந்த கட்சித் தலைவர்களை ஜப்பானிய ராணுவம் சுற்றி வளைத்துப் பலரைக் கொன்றது. கூட்டத்துக்கு வரவேண்டிய லாய் டெக் வரவில்லை. ஏன் என்றால், கார் பழுதாகிவிட்டதாம். நான் வேலைக்குத் தாமதமாகப் போகும்போது சொல்கிற அதே சாக்கு! அதற்குப் பிறகும் 1947இல் கட்சிப் பணத்தோடு ஓடும்வரை அவர்தான் தலைவர். பத்துமலை அடிவாரக் கடையில் தோசை சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கார் எனக்கு ஞாபகம் வரும். கேட்டவுடன் சிரிப்பு வருகிறது, வந்த வேகத்திலேயே தொண்டையில் நின்றுவிடுகிறது. நான் எழுத ஆசைப்படுவது அந்தச் சிரிப்பைத்தான். சாவு ஒரு பக்கம், ஜோக் ஒரு பக்கம் என்று தனித்தனியாக வைத்தால் அது வராது, இரண்டும் ஒரே பொய்யிலிருந்து வரவேண்டும்.

அதனால் நீங்கள் சொன்ன சாவு வீட்டு ஜோக் தப்புதான், அங்கே நான் கைதட்டலுக்கு ஆசைப்பட்டுவிட்டேன். எடுத்துவிட்டேன். இப்போது சலவைக்கடைக்காரன் எல்லாம் முடிந்த பிறகு தாமதமாக வருகிறான், மோட்டார் வழியில் நின்றுவிட்டது என்கிறான். செத்தவனின் அம்மா அவனை உட்காரச் சொல்லி, "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டுக் கோப்பி ஊற்றுகிறார்.